கல்யாண வீட்டு வெந்நியும் ஒழுகுற செம்பு பாய்லரும்

முதல்ல கணக்கச் சொல்லிடறேன், இந்த வேலையே அந்தக் கணக்குல இருந்துதான் ஆரம்பிச்சுது. எங்க அக்கா பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம், முகூர்த்தம் ஞாயித்துக்கெழம காலைல 6 டூ 7.30, மண்டபம் குன்னூர்ல, அக்கா வீடு அருவங்காட்டுல. வெளியூர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க முப்பது பேரு வீட்லயும் பக்கத்து வீட்லயும் தங்குறாங்க, எல்லாரும் 5 மணிக்கு வண்டி ஏறியாகணும், அப்படின்னா ரெண்டரைக்கும் நாலே முக்காலுக்கும் நடுவுல முப்பது பேரு குளிச்சு முடிக்கணும். தை மாசத்து விடிகாலைல சிண்டெக்ஸ் தண்ணி 12 டிகிரி இருக்கும், கீழ இருந்து வர்றவங்க அதுல கைய விட்டாலே கத்துவாங்க.

வீட்ல இருக்கறது 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட். 12 டிகிரில இருந்து 60க்கு ஏத்த 25 நிமிஷம் ஆகுது, அத வெளாவுனா ஒன்றரை பக்கெட்டுக்குக் கூடத் தேறாது. முப்பது பேருக்கு கிட்டத்தட்ட ஒம்பது மணி நேரம். மச்சான்கிட்ட சொன்னேன், சனிக்கெழம ராத்திரி எட்டு மணிக்கே ஒவ்வொருத்தரா குளிக்க ஆரம்பிச்சா கரெக்டா இருக்கும்னு. அவரு சிரிக்கல. இன்னொரு கீசர் மாட்டலாம்ன்னாரு, ஆனா வீடு சிங்கிள் பேஸ், பாத்ரூம் லைனுக்கு 16 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் அதிகமா இழுத்தா தானா விழற சுவிட்ச்), ரெண்டு கீசர் போட்டா 17 ஆம்ப்ஸ தாண்டிரும். த்ரீ பேஸுக்கு எழுதிப் போட்டு மாத்துறதுக்கெல்லாம் நேரம் இல்ல.

அப்பதான் பையன் சொன்னான், "பின்னாடி பாய்லர் இருக்குல்ல மாமா."

பையன்னா அக்காவோட ரெண்டாவது, கல்யாணப் பொண்ணோட தம்பி, பதினாறு வயசு, ப்ளஸ் ஒன். அந்த பாய்லர் பழசு, செம்பு, எங்க மச்சானோட அப்பா காலத்துது. கொட்டாய்ல கவுத்து வெச்சிருந்தாங்க, அடில ஒழுகுதுன்னு ரெண்டு வருஷமா யாரும் தொடல. மச்சான் அத எடைக்குப் போட ஆளப் பாத்து வெச்சிருந்தாரு, ஒம்பதே முக்கால் கிலோ நிக்குது, கிலோ 650 ரூபான்னு பேச்சு, ஆறாயிரத்துச் சொச்சம் வரும், பந்தல் லைட்டுக்கு ஆச்சுன்னு அவரு கணக்கு. பையன் அன்னிக்கே சண்ட போட்டிருக்கான், விக்கக் கூடாதுன்னு. கல்யாண நேரத்துல எதுக்கெடுத்தாலும் மொரண்டு பண்றான்னு அக்கா என்கிட்ட பொலம்புச்சு. முடி வெட்ட மாட்டேங்கறான், அவன் ரூமுக்குள்ள பாத்திரம் வெக்க விட மாட்டேங்கறான், மாப்பிள்ள போன் பண்ணா பேச மாட்டேங்கறான்.

நான் டீ பேக்டரில ஃபிட்டர். செம்புல வேல கம்மி, எங்களுக்கு எல்லாம் இரும்பும் பேரிங்கும்தான். ஆனாலும் பாத்தா போச்சுன்னு எடுத்து நிமித்தி வெச்சேன்.

அளவு சொல்றேன், இதே மாதிரி வெச்சிருக்கறவங்களுக்கு ஆகும். ஒசரம் 26 இஞ்ச், அகலம் 13 இஞ்ச். நடுவுல நெருப்புக் குழாய், கீழ 7 இஞ்ச் அகலமா ஆரம்பிச்சு மேல போகப் போகக் குறுகி 4 இஞ்ச்ல முடியுது, அதச் சுத்தித்தான் தண்ணி நிக்கும். குடத்துல அளந்து ஊத்துனதுல 45 லிட்டர் புடிச்சுது. மேல தண்ணி ஊத்துற புனல், பக்கத்துல அடித்தகட்டுல இருந்து மூணு இஞ்ச் ஏத்தி பித்தளைக் குழாய். அந்த மூணு இஞ்ச் சும்மா வெக்கல, குழாயத் தொறந்து முழுசா வடிச்சாலும் நெருப்புக்குப் பக்கத்துல கொஞ்சம் தண்ணி நிக்கட்டும்னு வெச்சிருக்காங்க. பழைய ஆளுங்க யோசிச்சுத்தான் பண்ணிருக்காங்க.

ஒழுகுற எடம் அடித்தகடும் நெருப்புக் குழாயும் சேர்ற மடிப்பு. அங்க வெள்ளையா ரெண்டு வெரல் தடிமனுக்கு புட்டி அப்பியிருந்துது, ரெண்டு உருண்டையையும் சேத்துப் பிசைஞ்சு ஒட்டுவோமே அது. மச்சான் கைங்கரியம். பைப் லைனுக்கு அது நல்ல சாமான்தான், நேரா நெருப்பு படற எடத்துக்கு இல்ல, கருகி உதிர்ந்து போயிருந்துது. அடில ஈயம் உருகி வழிஞ்ச தடம் தெரிஞ்சுது. யாரோ தண்ணி ஊத்தாம எரிச்சிருக்காங்க. உள்ள தண்ணி இருக்கற வரைக்கும் எவ்வளவு எரிச்சாலும் அந்தச் செம்பு நூறு டிகிரியத் தாண்டறது கஷ்டம், தண்ணி இல்லாட்டி சில நிமிஷத்துல ஈயம் உருகுற சூடு வந்துரும், சாதா ஈயப்பத்து 190 கிட்டயே உருகிரும். யாரு எரிச்சதுன்னு கேட்டேன், வீட்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல.

புட்டிய எடுக்கறதே பெரிய வேலயாப் போச்சு. உளி வெச்சுத் தட்டுனா செம்பு பள்ளமாயிரும், அதனால புளோ லாம்ப்ல லேசா சூடு காட்டி, எளகுனதும் ஸ்க்ரேப்பர்ல சொரண்டி, மறுபடி சூடு காட்டி. அந்தப் புகை ஆகாது, வெளில காத்தோட்டமா வெச்சுத்தான் பண்ணனும். அப்புறம் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேச்சு 120 நம்பர் எமரி. பாதிக்கு மேல பையன்தான் தேச்சான். எங்க ஊரு தண்ணில உப்பு கம்மிங்கறதால உள்ள பாறை கட்டியிருக்கல, அது ஒரு நிம்மதி.

ஓட்ட எங்கங்கன்னு பாக்க ஒரு ஈஸி வழி. பாய்லருக்குள்ள புனல் வழியா சின்ன எல்இடி டார்ச்ச கயித்துல கட்டி எறக்கிட்டு, மொத்தத்தையும் கம்பளியால மூடி அதுக்குள்ள தலைய விட்டு அடிப்பக்கம் பாக்கணும். வெளிச்சம் தெரியற எடமெல்லாம் ஓட்ட. பையன்தான் உள்ள போனான், சாக்பீஸ்ல குறிச்சுக்கிட்டே வந்தான். மடிப்புல ஒரே பக்கத்துல ரெண்டு இஞ்ச் நீளத்துக்கு வரிசையா புள்ளி, மத்த எடம் ஓகே. ரொம்ப நேரமா வெளிய வரல. என்னடான்னு கேட்டா, கம்பளிக்குள்ள இருந்தே பேசறான்.

"மாமா, கோயமுத்தூர்ல எல்லா வீட்லயும் ஃபேன் போட்டுத்தான் தூங்குவாங்களா?"

ஆமாடா, போடாட்டி எப்படித் தூங்கறதுன்னேன்.

"அந்தச் சத்தத்துல எனக்கு தூக்கம் வராது. ஒரு வாட்டி சித்தப்பா வீட்ல படுத்து விடிய விடிய முழிச்சிட்டே இருந்தேன்."

அப்புறம் மெதுவா வந்துச்சு. அவன் அக்கா கல்யாணமாகி ஓசூர் போகுது. வர்ற மே மாசம் இந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டு அப்பாவும் அம்மாவும் கோயமுத்தூர் எறங்கறாங்க, இவனுக்கு ப்ளஸ் டூ அங்க. நாய பெரியப்பா வீட்ல விட்டுட்டுப் போறாங்க. பாய்லர் எடைக்கு. இதெல்லாம் அவங்கவங்க தனித்தனியா, வேற வேற நேரத்துல, காப்பி குடிச்சுக்கிட்டே சொன்ன விஷயம், இவன் மட்டும்தான் ஒண்ணா சேத்து வெச்சுக் கூட்டிப் பாத்திருக்கான். வீட்டுக்கு வர்ற அத்தை, பெரியம்மா எல்லாரும் "போகப் போகப் பழகிடும் சாமி"ன்னு கன்னத்தக் கிள்ளிட்டுப் போறாங்க. நான் அதச் சொல்லல. வேற சொல்றதுக்கும் தோணல. சாக்பீஸ் குறி அழியறதுக்குள்ள ஆணியால கீறி வெச்சுக்கடான்னேன்.

முதல் பத்து ஈயத்துல வெச்சேன். பழசும் ஈயப்பத்துதான், அதே வழில போவோம்னு நெனப்பு. நாட்டு மருந்துக் கடைல நவச்சாரம் 50 கிராம், பாத்திரத்துக்கு ஈயம் பூசற வெள்ளீயம் கால் கிலோ. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விக்கற ஈயக்கம்பில காரீயம் கலந்திருக்கும், குளிக்கற தண்ணிதான்னாலும் கல்யாண வீட்ல யாராவது அதுல காப்பி போட்டுருவாங்க, அதனால சுத்த வெள்ளீயம், அது 232 டிகிரில உருகும். சின்ன சால்டரிங் அயர்ன வெச்சு இந்த வேலைக்குப் போகாதீங்க, செம்பு சூட்ட இழுத்து மொத்த உடம்புக்கும் பரப்பிரும், ஈயம் மணி மணியா உருண்டு நிக்கும். புளோ லாம்ப்தான் சரி. பளபளன்னு அழகா ஓடுச்சு, ராத்திரி முழுக்க தண்ணி ஊத்தி வெச்சும் காலைல கீழ போட்ட பேப்பர் காஞ்சே இருந்துது.

தீ வெச்சதும் இருபது நிமிஷத்துல சொட்டுச்சு.

பிரிச்சுப் பாத்தா காரணம் தெரிஞ்சுது. மடிப்புக்குள்ள பழைய ஈயமும் கரியும் புட்டித் துணுக்கும் அப்படியே இருக்கு, நான் வெச்சது அதுக்கு மேல தோல் மாதிரி படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். செம்பு சூட்டுல விரிஞ்சதும் தோல் விட்டுருச்சு. மடிப்ப முழுசா விரிச்சு சுத்தம் பண்ணா தகடு கிழியும். சரி, பிரேசிங்தான், ஈயத்த விட ரொம்ப அதிக சூட்டுல உருகற ராடு வெச்சு ஒட்டறது.

ஏசி ஃபிரிட்ஜ் மெக்கானிக்குங்க செம்புக் குழாய் ஒட்ட வெச்சிருப்பாங்களே, பாஸ்பரஸ் கலந்த காப்பர் ராடு, செம்புக்குச் செம்பு வெக்கறப்ப நவச்சாரம் மாதிரி தனியா ஃப்ளக்ஸ் வேண்டாம். குன்னூர் பஜார்ல ஒரு மெக்கானிக் தெரிஞ்சவரு, ராடு ஒண்ணு 40 ரூபான்னு ஆறு கொடுத்தாரு, கேஸ் செட்ட அரைநாளுக்கு வாடகை வாங்காமக் கொடுத்தாரு, கல்யாணப் பத்திரிக வெச்சா போதும்ன்னுட்டாரு. இங்க ஒரு விஷயம் அவருதான் எச்சரிச்சாரு, பழைய ஈயம் துளி இருந்தாலும் பிரேசிங் ஒடையும், ஒரு மினுமினுப்பு கூட இருக்கக் கூடாதுன்னு. அதனால சூடு காட்டி, ஈயம் உருகி நிக்கறப்பவே தடியான பருத்தித் துணியால தொடைச்சு, அப்புறம் அரம், அப்புறம் எமரி. தோல் கையுறை இல்லாம இதச் செய்யாதீங்க. ஒரு பொழுது முழுக்க இதுலயே போச்சு, நவச்சாரப் புகைல இருமல் வேற.

பாய்லரக் கவுத்து, சுத்தி செங்கல் அடுக்கி, அடித்தகடு மொத்தத்தையும் சூடாக்கணும். ஒட்டற எடத்துல மட்டும் தீய காட்டுனா நாளெல்லாம் காட்டணும். மங்கின செவப்பு வந்ததும் ராட தொட்டாப் போதும், தீ ராடு மேல படக்கூடாது, செம்போட சூட்டுலயே உருகி மடிப்புக்குள்ள ஓடிரும். வெயில்ல அந்தச் செவப்பு தெரியாது, நாங்க சாயங்காலம் இருட்டற நேரமாப் பாத்து வெச்சோம். ரெண்டு இஞ்ச் ஓட்டைக்கு நாலு இஞ்ச் வெச்சேன், பக்கத்து மடிப்பையும் நம்பல.

நல்லா ஓடுச்சுன்னு சந்தோஷப்படறேன், டொக்குன்னு ஒரு சத்தம். பித்தளைக் குழாய் கழண்டு செங்கல் மேல கெடக்கு. அதோட கழுத்து ஈயப்பத்துல நின்னது, நான் காட்டுன சூடு அங்க வரைக்கும் போயிருச்சு. குழாயச் சுத்தி நனைஞ்ச சாக்கு கட்டியிருந்தா நின்னுருக்கும். பையனுக்கு ஒரே சிரிப்பு, அந்த மாசத்துலயே அவன் சிரிச்சு நான் பாத்தது அப்பத்தான்.

குழாயையும் பிரேஸ் பண்ணிரலாமான்னு யோசிச்சேன். பித்தளைக்கு வெண்காரம் போட்டு வெக்கலாம், நாட்டு மருந்துக் கடைலயே கெடைக்கும். ஆனா கழுத்து மெல்லிசு, பித்தளை உருகற சூட்டுக்கும் ராடு உருகற சூட்டுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி, கை கொஞ்சம் பெசகுனா கழுத்தே உருகி ஓடிரும், கல்யாணம் வேற தலைக்கு மேல நிக்குது. அதனால குழாய்க்கு மறுபடி வெள்ளீயமே. நெருப்புல இருந்து அது தள்ளி இருக்கு, தாங்கும்.

அடுத்தது சல்லடை. நெருப்புக் குழாய்க்கு அடில வெறகு நிக்கற வார்ப்பிரும்பு சல்லடை காணவே காணோம். வீடு முழுக்கத் தேடியாச்சு, மச்சான் அது எப்பவோ போயிருச்சுன்னாரு. 8 எம்எம் கம்பில வெட்டி நானே வெல்ட் பண்ணுனேன், மொதல்ல கம்பிக்கு நடுவுல 10 எம்எம் விட்டேன், சாம்பல் அடைச்சு காத்து போகாம தீ புகைஞ்சுது, பிரிச்சு 15 எம்எம் இடைவெளில ஏழு கம்பி வெச்சதும் சரியாச்சு. மேல மூணு அடிக்கு தகரக் குழாய் மாட்டுனேன், இழுப்பு நல்லா வந்துச்சு. அஞ்சு அடி போட்டா இன்னும் நல்லா இழுக்கும், ஆனா சூடும் அது வழியாவே போயிரும், ஒரு ஓட்டுத் துண்ட மேல பாதி மூடி வெச்சா கணக்கா இருக்கு.

வெக்கற எடத்துக்கு ஒரு சண்டை. குளிருதுன்னு பாத்ரூமை ஒட்டுன மூடுன வராண்டால வெக்கலாம்னு அக்கா. கண்டிப்பா கூடாதுன்னுட்டேன். மூடுன எடத்துல வெறகோ கரியோ எரிச்சா வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கெடையாது நிறமும் கெடையாது, குளிர்காலத்துல அறைக்குள்ள கரி அடுப்பு வெச்சுத் தூங்குனவங்க செத்த சேதி மலைல அப்பப்ப வரும். பின்பக்கம் மூணு பக்கம் தொறந்த தகரக் கொட்டாய்ல வெச்சு, பக்கெட்டத் தூக்கிட்டுப் போற மாதிரி பண்ணியாச்சு.

வெறகு, தேயிலை மிலாறு (செடிய வெட்டி விடறப்ப கெடைக்கற கெளை) ஒரு கட்டு, சீகை மரம் பொளந்தது ரெண்டு கட்டு. மிலாறு காஞ்சிருந்தா கரி மாதிரி நின்னு எரியும். பத்த வெக்க கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) பட்டை, அதுல எண்ணெய் இருக்கறதால ஈரமா இருந்தாலும் புடிச்சுக்கும். எல்லாத்தையும் ஒரு அடி நீளம், பெருவெரல் தடிமனுக்கு வெட்டி வெக்கணும், கட்டையா போட்டா இந்தச் சின்ன வாய்க்கு ஆகாது.

சோதனை ஓட்டத்துல பையன் ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்துக்கிட்டான், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ தெர்மாமீட்டர் விட்டுக் குறிச்சான். 12ல இருந்து 80க்கு முக்கா மணி நேரம், வெறகு ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. 80ல இருக்கறப்ப 18 லிட்டர் பக்கெட்டுக்கு ஏழரை லிட்டர் வெந்நி போதும். எடுத்த அளவுக்கு பச்சத்தண்ணி ஊத்துனா 69க்கு எறங்குது, ஏழு நிமிஷத்துல திரும்ப 80. ரெண்டே கால் மணி நேரத்துல பாய்லர் மட்டும் 25 பக்கெட், கீசர் ஏழு. முப்பது பேருக்கு சரியா வருது, ரெண்டு பக்கெட் மிச்சம். அந்த ரெண்டு பக்கெட் மிச்சத்த நான் ரொம்ப நம்பிட்டேன்.

வெள்ளிக்கெழம சாயங்காலத்துல இருந்து வீடு ஒரு நெலைல இல்ல. திருப்பூர்ல இருந்து வந்த வேனுக்கு இ-பாஸ் எடுக்கல, 2024 மே மாசத்துல இருந்து வெளிமாவட்ட வண்டிக்கு அது வேணும்னு பத்திரிகைலயே அச்சடிச்சுப் போட்டிருந்தோம், பத்திரிகைல முகூர்த்த நேரத்தத் தவிர வேற எத யாரு படிக்கறா. செக்போஸ்ட்ல நின்னுக்கிட்டே போன்ல எடுத்து, பிளாஸ்டிக் பாட்டில் தண்ணி ரெண்டு கேஸையும் அங்கயே விட்டுட்டு, பதினாலு கொண்டை ஊசியும் ஏறி வந்தப்ப பாதிப் பேருக்கு வாந்தி. சனிக்கெழம மத்தியானம் காரமடைல இருந்து வந்த சமையல் மாஸ்டர் சாம்பார் பருப்பு வேகலன்னு பருப்புக் கடைக்காரர திட்டிட்டு நின்னாரு. பருப்பு மேல தப்பு இல்ல, 1850 மீட்டர் ஒசரத்துல தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சுரும், எவ்வளவு தீ போட்டாலும் அதுக்கு மேல போகாது. எங்க ஊர்ப் பொம்பளைங்க நாலு வீட்டு பெரிய குக்கரக் கொண்டாந்து குடுத்து ஒப்பேத்துனாங்க.

சாயங்காலம் நலங்கு, தாய்மாமன் சீர். கை ரெண்டும் கரி, நவச்சாரம் பட்டு வெரல் வெடிச்சிருக்கு, அந்தக் கையோட பட்டுச்சேலை தட்டத் தூக்கி போட்டோவுக்கு நின்னேன். ஆல்பத்துல பாத்தா தெரியும், என் நகம் தனியாத் தெரியும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போனா எனக்கு முன்னாடி பையன் கொட்டாய்ல இருக்கான், தீ பத்தியிருக்கு, தெர்மாமீட்டர் 40 காட்டுது. ரெண்டு நாளா வீட்ல யாரோடயும் பேசாதவன், நோட்ட மடில வெச்சுக்கிட்டு, மொதல்ல பெருசுங்களா புள்ளைங்களான்னு வரிசை கேக்கறான். முதல் பக்கெட் கல்யாணப் பொண்ணுக்கு. குளிச்சிட்டு வந்து தம்பியப் புடிச்சு ஒரே சத்தம், தலைமுடியெல்லாம் பொகை நாத்தம் அடிக்குதாம். இவன் திரும்பக் கத்துனான். பாக்க நல்லா இருந்துது, வழக்கமா சண்ட போடற மாதிரியே போட்டாங்க.

மூணேகாலுக்கு கரண்ட் போச்சு. போகல, ட்ரிப் ஆச்சு. மேக்கப் போட வந்த பொண்ணு பாத்ரூமுக்கு வெளில இருந்த பிளக்குல ஹேர் டிரையரப் போட்டிருக்கு, கீசரும் அதே லைன். ரெண்டும் சேந்தா 15 ஆம்ப்ஸ், கூட ஒரு அயர்ன் பாக்ஸ் சேந்ததும் போச்சு. முகூர்த்தச் சேலை மடிப்பா கீசரான்னு கேட்டா பதில் தெரிஞ்சதுதானே, கீசர ஆஃப் பண்ணிட்டாங்க. கீசரோட ஏழு பக்கெட்டுல மிச்சமும் போச்சு.

அதோட விட்டுச்சான்னா இல்ல, நாலு மணிக்கு மாப்பிள்ள வீட்ல இருந்து எட்டு பேரு, கைல துண்டும் சோப்பும். அவங்க தங்குன லாட்ஜ்ல வெந்நி வரலையாம். மாப்பிள்ளயும் கூடவே நிக்கறாரு. பெண் வீட்டுக்காரங்க இல்லைன்னு சொல்ல முடியுமா.

இங்க என்ன பண்ணோம்னா, 80 வரைக்கும் காத்திருக்கறத விட்டுட்டோம். 65லயே எடுக்க ஆரம்பிச்சோம், பக்கெட்டுல ஏழரை லிட்டர் வெந்நிக்கு கரிக்கோடு, மொத்தம் பதினாலுக்கு இன்னொரு கோடு, அதுக்கு மேல கெடையாது. தண்ணிய 80 வரைக்கும் ஏத்துனாலும் அதே தீதானே, கூட லாபம் ஒண்ணும் கெடையாது, பக்கெட் அளவக் கொறச்சதுலதான் ஆள் எண்ணிக்க ஏறுச்சு. அது போக சமையல்காரர் பால் காய்ச்சற அடுப்புல ஒரு அண்டாத் தண்ணி. கோடு போட்டது, ஆளுக்கு ஒரு பக்கெட்டுக்கு மேல கெடையாதுன்னு பெரியவங்க மொகத்துக்கு நேரா சொன்னது, எல்லாம் பையன். நானா இருந்தா சங்கடப்பட்டு ரெண்டாவது பக்கெட்டும் கொடுத்திருப்பேன்.

மாப்பிள்ள அவன் பக்கத்துல உக்காந்து ஊதுகுழல வாங்கி ஊதிப் பாத்தாரு. சாம்பல் பறந்து மூஞ்சில அடிச்சுது. பையன் ஒண்ணும் சொல்லாம குழல வாங்கி, கீழ இருந்து சாய்ச்சு ஊதற விதத்தக் காட்டுனான். அவரு போனப்புறம், "அவருக்கு அடுப்பு ஊதத் தெரியல மாமா, ஆனா கேட்டுக்கறாரு"ன்னான். அவன்கிட்ட இருந்து அதுவே பெரிய சர்டிபிகேட்.

அஞ்சே காலுக்கு வண்டி கெளம்புச்சு, பதினஞ்சு நிமிஷம் லேட்டு, முகூர்த்தத்துக்கு ஒண்ணும் பிரச்சன இல்ல. நானும் பையனும் மட்டும் குளிக்கல.

மத்தியானம் மண்டபத்துல இருந்து வந்து அவன் ரூம ஒதுக்கறப்ப, கட்டிலுக்கு அடில சாக்குல சுத்தி வார்ப்பிரும்பு சல்லடை. எடைக்காரன் மொத தடவ வந்தப்பவே கழட்டி ஒளிச்சிருக்கான், சாமான் முழுசா இல்லாட்டி எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சானாம். நான் கம்பி வெட்டி வெல்ட் பண்ணி பிரிச்சு மறுபடி வெல்ட் பண்றப்ப கூடவே நின்னு பாத்துட்டுத்தான் இருந்தான். ஏண்டா அப்பவே குடுக்கலன்னு கேட்டேன், "வேல முடிஞ்சதும் திரும்ப எடைக்குப் போட்டுட்டா?"ன்னான். பதில் சொல்ல முடியல.

மறுவீட்டுக்குப் பொண்ணு கூட ஓசூர் போக மாட்டேன்னு கடைசி வரைக்கும் அடம், வேன் கெளம்பறப்ப ஏறிட்டான், ஸ்வெட்டர் ரெண்டு போட்டுக்கிட்டு. ராத்திரி எனக்கு போன், ஃபேன ஒண்ணுல வெச்சு, தலைல மப்ளர் கட்டிப் படுத்தா சத்தம் அவ்வளவாத் தெரியலையாம். கோயமுத்தூர்ல மே மாசம் மப்ளர் கட்ட முடியுமான்னு கேட்டான். வேர்க்கும்டா, காதுல பஞ்சு வெச்சுப் பாருன்னேன்.

செலவு: வெள்ளீயம் கால் கிலோ 900, நவச்சாரம் 30, காப்பர் ராடு 240, எமரியும் அரமும் 210, கம்பியும் வெல்டிங் ராடும் பேக்டரி ஸ்கிராப், தகரக் குழாய் 350, குழாய்க்கு வாஷர் 10. வெறகு கட்டு மூணும் சேத்து 600, அதுல பாதி மிச்சம். 2340 ரூபா ஆச்சு, கேஸ் தனி. மச்சான் இன்னும் அந்த ஆறாயிரத்த மறக்கல.

திரும்பச் செய்யறதா இருந்தா ஈயத்துல ஆரம்பிக்கவே மாட்டேன், நேரா பிரேசிங், அதுக்கு முன்னாடியே குழாயக் கழட்டி வெச்சிருவேன். பழைய கழுத்த வெட்டிட்டு மரை போட்ட சாக்கெட் வெச்சா குழாய வேணுங்கறப்ப கழட்டலாம். புனல்ல ஒரு மிதவைக் குச்சி, தண்ணி கொறைஞ்சா வெளில இருந்தே தெரியற மாதிரி, தண்ணி இல்லாம எரிக்கறதுக்கு அதுதான் மருந்து. கீசர் லைனுக்குத் தனி எம்சிபி, இல்லாட்டி அந்தப் பிளக்க டேப் போட்டு ஒட்டிருங்க.

பாய்லர் இப்ப குன்னூர்ல என் வீட்ல இருக்கு, அவங்க எறங்கற ஃபிளாட்டுல வெறகு எரிக்க எடம் இல்ல. சல்லடை மட்டும் அவன் கையில, தர மாட்டேங்கறான், எனக்கு என் கம்பிச் சல்லடையே போதும். குழாய் லேசா சொட்டுது, பிரேசிங் எடம் இல்ல, வாஷர்தான். சாக்கெட் வேலைய மே மாச லீவுக்கு அவன் வர்றப்ப வெச்சிருக்கேன், அது வரைக்கும் கீழ ஒரு பெயிண்ட் டப்பா வெச்சிருக்கு.